இயக்க அமைப்பு: ஒரு வரையறையின் வரலாறு

நுழையும்முன்

ஒரு சொல்லின் பொருளை எல்லையிட்டுக் கூறுவது வரையறை. அகராதியில் இடம்பெறும் வரையறை பொருளை விளக்குவதோடு நின்றுவிடும். ஒப்பந்தத்தில் இடம்பெறும் வரையறையோ பொருளோடு உரிமையையும் வகுத்துவிடும். ‘கணினியின் இயக்க அமைப்பு என்பது எதுவரை?’ என்னும் வினா அமெரிக்க நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்காக நடந்தது. பொருளைத் துல்லியமாகச் சொல்வதன் தேவையை அவ்வழக்கின்வழி இப்பாடம் விளக்குகிறது.

இயக்க அமைப்பின் பணி

கணினி என்பது செயலி, நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை முதலிய பல உறுப்புகளின் தொகுப்பு. இவ்வுறுப்புகள் தாமாக ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதில்லை. எந்தப் பணிக்குச் செயலியின் நேரத்தை ஒதுக்குவது, நினைவகத்தின் எந்தப் பகுதியை எந்த நிரலுக்குத் தருவது, வட்டில் எதை எங்கே எழுதுவது என்பனவற்றை முடிவுசெய்து நடத்தும் மென்பொருளே இயக்க அமைப்பு ஆகும்.

இதற்கு மற்றொரு பணியும் உண்டு. கடிதம் எழுதவும் கணக்கிடவும் படம் வரையவும் பயன்படும் மென்பொருள்கள் பயன்பாட்டு மென்பொருள்கள் எனப்படும். அவற்றை உருவாக்குவோர், வட்டில் எழுதுவதற்கும் திரையில் காட்டுவதற்கும் வேண்டிய நிரல்களைத் தாமே புதிதாக எழுதுவதில்லை. இயக்க அமைப்பு திறந்துவைத்துள்ள இடைமுகங்களின்வழி அப்பணிகளை அதனிடமே ஒப்படைக்கின்றனர். ஆதலால், ஓர் இயக்க அமைப்புக்காக எழுதப்பட்ட பயன்பாட்டு மென்பொருள் மற்றோர் இயக்க அமைப்பில் அப்படியே இயங்குவதில்லை.

இதன் விளைவு பெரிது. பயன்பாட்டு மென்பொருள்கள் மிகுதியாக உள்ள இயக்க அமைப்பையே மக்கள் நாடுகின்றனர். மக்கள் மிகுதியாக நாடும் இயக்க அமைப்புக்கே மென்பொருள் வல்லுநர்களும் எழுதுகின்றனர். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இச்சுழற்சியில் முன்னேறிவிட்ட இயக்க அமைப்பைப் பின்னால் வரும் ஒன்று எட்டிப்பிடிப்பது அரிது. இயக்க அமைப்பின் எல்லை குறித்த சொல்லாராய்ச்சி பெருவழக்காக மாறியதன் அடிப்படை இதுவேயாகும்.

விற்பனை அன்று, உரிமம்

ஒருவர் கணினி வாங்கும்போது அதன் திரையும் விசைப்பலகையும் வட்டும் அவருக்கே உடைமையாகின்றன. அதனுள் இருக்கும் இயக்க அமைப்பு அவ்வாறு உடைமையாவதில்லை. அதன் பதிப்புரிமை மென்பொருள் நிறுவனத்திடமே இருக்கிறது. வாங்கியவருக்குக் கிடைப்பது, சில வரம்புகளுக்கு உட்பட்டு அதனைப் பயன்படுத்திக்கொள்ளும் இசைவு மட்டுமே. இந்த இசைவை வழங்கும் எழுத்துமூலமான உடன்பாடே உரிம ஒப்பந்தம்.

மேசைக்கணினி இயக்க அமைப்புகளைப் பொறுத்தவரை உரிம ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இருநிலைகளில் அமைகின்றன. மென்பொருள் நிறுவனத்திற்கும் கணினி உற்பத்தி நிறுவனத்திற்கும் இடையே அமைவது முதல்நிலை. பயன்படுத்துவோர் ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்தி ஏற்பது இரண்டாம் நிலை. இரண்டாவதைப் பலரும் படிக்காமலே ஏற்றுக்கொள்கின்றனர். முதலாவதோ பொதுமக்கள் கண்ணில் படுவதே இல்லை. ஆயினும், கடையில் வாங்கும் கணினியின் திரையில் முதலில் எது தோன்றவேண்டும் என்பதை அந்த முதல்நிலை ஒப்பந்தமே முடிவுசெய்கிறது.

‘கணினி நிரல்’ என்பதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வரையறை தருகிறது. 1957ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட அவ்வரையறை, குறிப்பிட்ட பணியைக் கணினி செய்யுமாறு அமைந்த கட்டளைகளின் தொகுதியையே கணினி நிரல் என்கிறது. இயக்க அமைப்பு, உலாவி, விளையாட்டு மென்பொருள் ஆகிய யாவும் இவ்வரையறைக்குள் அடங்கிவிடும். அவற்றுள் ஒன்று எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதைக் கூறுவது அவ்வரையறையின் நோக்கமன்று. அந்த எல்லையை ஒப்பந்தமே வகுக்க வேண்டியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதற்குரிய இயக்க அமைப்பை வழங்கிய மைக்ரோசாஃப்ட், அதே இயக்க அமைப்பை எம்.எஸ்.டாஸ் என்னும் பெயரில் பிற நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐ.பி.எம். கணினியைப் போன்றே இயங்கும் கணினிகளைப் பிற நிறுவனங்கள் செய்யத் தொடங்கியபோது, அவையும் மைக்ரோசாஃப்டிடமே உரிமம் பெற்றன.

செயலிக்கு ஒரு கட்டணம்

1980களின் இறுதியில் எம்.எஸ்.டாஸ் இயக்க அமைப்புக்குப் போட்டியாக டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் டி.ஆர்.டாஸ் போன்றவை சந்தைக்கு வந்தன. அக்காலத்தில் கணினி உற்பத்தி நிறுவனங்கள் பலவற்றுடன் மைக்ரோசாஃப்ட் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் ‘செயலிவழிக் கட்டணம்’ என்னும் முறை இடம்பெற்றிருந்தது. குறிப்பிட்ட வகைச் செயலியுடன் விற்கப்படும் ஒவ்வொரு கணினிக்கும் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதே அம்முறை. அக்கணினியில் மைக்ரோசாஃப்டின் இயக்க அமைப்பு இடம்பெற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டணம் ஒன்றே.

இதன் உட்பொருள் எளிது. போட்டி நிறுவனத்தின் இயக்க அமைப்பை ஒரு கணினியில் நிறுவ விரும்பும் உற்பத்தியாளர், அதற்கும் பணம் கொடுத்து மைக்ரோசாஃப்டிற்கும் பணம் கொடுக்கவேண்டும். ஒரு கணினிக்கு இருமுறை கட்டணம் செலுத்தி விற்பனை செய்ய எந்த வணிகரும் விரும்பார். ஒப்பந்தத்தில் எந்தத் தடையும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆயினும், கட்டணம் எதன்மீது கணக்கிடப்படும் என்னும் ஒரு தொடரே தடையாகச் செயற்பட்டது.

அமெரிக்க நீதித்துறை 1994ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. அன்றே இருதரப்பும் ஓர் இணக்கத்திற்கு வந்தன. இருதரப்பின் இசைவோடு நீதிமன்றம் பிறப்பிக்கும் இத்தகைய ஆணை ‘இசைவுத் தீர்ப்பு’ எனப்படும். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் அதனைத் தீர்ப்பாகப் பதிவுசெய்தார். செயலிவழிக் கட்டண முறை கைவிடப்பட்டது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 24 அன்று, விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தது.

தீர்ப்பில் இடம்பெற்ற வரையறைகள்

அத்தீர்ப்பை எழுதியோர் வரையறைகளில் மிகுந்த கருத்துச் செலுத்தினர். ‘இயக்க அமைப்பு மென்பொருள்’ என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் பணியை அடிப்படையாகக் கொண்டது. தனியாள் கணினியின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தி, நினைவகத்திற்கும் விசைப்பலகை, திரை, வட்டு, அச்சுப்பொறி முதலிய கருவிகளுக்கும் இடையிலான தொடர்பை மேலாண்மை செய்யும் கட்டளைகளின் தொகுதி என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

இத்துடன் அவர்கள் அமைதியடையவில்லை. தீர்ப்புக்கு உட்படும் பொருள்களைப் பெயர் சொல்லியும் பட்டியலிட்டனர். எம்.எஸ்.டாஸ் 6.22, விண்டோஸ் 3.11, அவற்றின் முந்தைய பதிப்புகள், அப்போது ‘சிகாகோ’ என்னும் மறைபெயரால் வழங்கிய விண்டோஸ் 95 ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுக்குப் பின்வரும் பதிப்புகளும் சேர்க்கப்பட்டன. விண்டோஸ் என்.டி. பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது.

இங்கு வரையறுக்கும் முறைகள் இரண்டு இணைந்து நிற்பதைக் காணலாம். ஒன்று, பொருளை அதன் பணியால் வரையறுப்பது. மற்றொன்று, பொருளைப் பெயரிட்டுப் பட்டியலால் வரையறுப்பது. இரண்டிலும் இடர்ப்பாடு உண்டு. பணியால் வரையறுத்தால் எல்லை நெகிழ்ந்துவிடும். பெயரால் வரையறுத்தால் நாளை வரும் புதிய பொருள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். நூலுக்குரிய பத்துக் குற்றங்களைக் கூறும் நன்னூல், மிகைபடக் கூறல், குன்றக் கூறல் என்னும் இரண்டையும் அவற்றுள் வைக்கிறது. ஒப்பந்தம் எழுதுவோரும் இவ்விரு குற்றங்களுக்கு நடுவேதான் வழி காணவேண்டியுள்ளது.

நன்னூல் சுட்டும் மற்றொரு குற்றம் மயங்கவைத்தல். இதுவா அதுவா எனப் படிப்பவர் ஐயுறும்படி சொல்லுதல் என்பது இதன் பொருள். 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இக்குற்றம் ஒரு சிறு தொடரில் ஒளிந்திருந்தது. ஒரு பொருளுக்கு உரிமம் தரும்போது, மற்றொரு பொருளுக்கும் உரிமம் பெறவேண்டும் என நிபந்தனை விதிக்கக்கூடாது எனத் தீர்ப்பு மைக்ரோசாஃப்டைத் தடுத்தது. அதே கூற்றில், அடைப்புக்குறிக்குள், ‘ஒருங்கிணைந்த பொருள்களை’ உருவாக்குவதை இத்தடை மட்டுமே தடுப்பதாகக் கொள்ளலாகாது எனவும் கூறியது. ‘ஒருங்கிணைந்த பொருள்’ எது என்று தீர்ப்பு எங்கும் வரையறுக்கவில்லை.

உலாவி உள்ளா, வெளியா?

இணையம் அக்காலத்தில்தான் பொதுமக்களிடையே பரவத் தொடங்கியிருந்தது. 1994ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் என்னும் உலாவி விரைவில் பெரும்புகழ் பெற்றது. அது பல இயக்க அமைப்புகளில் இயங்கியது. தனக்கென இடைமுகங்களையும் கொண்டிருந்தது. மென்பொருள் வல்லுநர்கள் இயக்க அமைப்புக்காக எழுதுவதை விடுத்து உலாவிக்காக எழுதத் தொடங்கினால், கீழே இருப்பது எந்த இயக்க அமைப்பு என்பது பொருட்டாகாது. முன்னர்க் கூறிய சுழற்சி அப்போது அறுபட்டுவிடும்.

மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்னும் தன் உலாவியை உருவாக்கியது. கணினி உற்பத்தி நிறுவனங்களுக்கு வழங்கிய விண்டோஸ் 95 உடன் அதனையும் சேர்த்தே தந்தது. சேர்த்துத் தந்ததை நீக்கக்கூடாது என்றும் கூறியது. காம்பேக் நிறுவனம் தன் பிரசாரியோ கணினிகளின் திரையிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பணிக்குறியை நீக்கியபோது, 1996ஆம் ஆண்டில், விண்டோஸ் 95 உரிமத்தையே முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக மைக்ரோசாஃப்ட் அதற்கு எழுதியது. விண்டோஸ் இன்றிக் கணினி விற்க இயலாத நிலையில், காம்பேக் பணிக்குறியை மீண்டும் வைத்தது.

1997ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அமெரிக்க நீதித்துறை மீண்டும் நீதிமன்றத்தை நாடியது. உலாவி தனிப்பொருள், அதனை ஏற்குமாறு நிபந்தனை விதிப்பது இசைவுத் தீர்ப்பை மீறுவதாகும் என அது வாதிட்டது. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் தண்டம் விதிக்க வேண்டும் எனவும் கோரியது. உலாவி விண்டோஸின் ஒரு பகுதி. இரண்டும் சேர்ந்தது ஒருங்கிணைந்த பொருள் என்பது மைக்ரோசாஃப்டின் மறுமொழி. வரையறுக்கப்படாமல் விடப்பட்ட ஒரு தொடரின்மீது இருதரப்பும் தத்தம் வழக்கைக் கட்டி எழுப்பின.

தொண்ணூறு நொடிகள்

1997ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் நீதிபதி ஜாக்சன் ஓர் இடைக்காலத் தடை விதித்தார். மைக்ரோசாஃப்ட் நீதிமன்றத்தை அவமதித்ததாக அவர் கொள்ளவில்லை. ஆனால், விண்டோஸ் 95 உரிமத்திற்கு உலாவியை நிபந்தனையாக்கக்கூடாது என ஆணையிட்டார்.

மைக்ரோசாஃப்ட் அந்த ஆணையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது. உற்பத்தி நிறுவனங்கள் உலாவியோடு கூடிய விண்டோஸைப் பெறலாம். அல்லது உலாவிக்குரிய கோப்புகள் யாவும் நீக்கப்பட்ட விண்டோஸைப் பெறலாம். அல்லது இரண்டாண்டுக்கு மேற்பட்ட பழைய பதிப்பைப் பெறலாம் என்றது. கோப்புகள் நீக்கப்பட்ட விண்டோஸ் இயங்காது. அக்கோப்புகளுள் பல, இயக்க அமைப்பின் பிற பணிகளுக்கும் வேண்டியவையாக இருந்தமையே காரணம்.

நீதிபதி தம் நீதிமன்றத்தில் இருந்த கணினியிலேயே இதனைச் சோதித்தறியச் செய்தார். மென்பொருளை நீக்குவதற்கு விண்டோஸ் 95 தானே தந்துள்ள வசதியைப் பயன்படுத்தியபோது, 90 நொடிக்குள் உலாவி நீங்கியது. விண்டோஸ் குறையின்றி இயங்கியது. அவ்வாறு செய்தால் பணிக்குறியும் உலாவிக்குச் செல்லும் வழியும்தாம் மறைகின்றன, நிரலின் பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது என்பது மைக்ரோசாஃப்டின் விளக்கம்.

இருவர் கூற்றும் உண்மையே என்பதை இங்கு உணர்தல் வேண்டும். உலாவி என்பது பயன்படுத்துவோர் காணும் பணியா, அல்லது வட்டில் கிடக்கும் நிரலா? பணி எனின் அதனை நீக்க முடியும். நிரல் எனின் நீக்க முடியாது. நீதிபதி ‘உலாவி’ என எழுதியபோது மனத்தில் கொண்டது ஒன்று; மைக்ரோசாஃப்ட் அச்சொல்லுக்குக் கொண்ட பொருள் மற்றொன்று. 1998ஆம் ஆண்டு ஜனவரியில் இருதரப்பும் ஒரு தற்காலிக உடன்பாட்டிற்கு வந்தன. அதன்படி, உலாவியின் பணிக்குறியை நீக்கிய விண்டோஸை உற்பத்தி நிறுவனங்கள் பெற வழியேற்பட்டது.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விளக்கம்

1998ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவர் ஒருபுறமும் ஒருவர் பகுதி மாறுபட்டும் நின்ற தீர்ப்பில், இடைக்காலத் தடையை நீக்கியது. போதிய முன்னறிவிப்பின்றித் தடை விதிக்கப்பட்டது என்பது ஒரு காரணம். ‘ஒருங்கிணைந்த பொருள்’ என்பதற்குக் கீழ்நீதிமன்றம் கொண்ட பொருள் தவறு என்பது மற்றொரு காரணம்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் தானே ஒரு வரையறையைத் தந்தது. தனித்தனியே வாங்கி, வாங்கியவரே சேர்த்துக்கொண்டால் கிடைக்காத நன்மையைத் தரும்வகையில் பணிகளை ஒன்றுசேர்த்த பொருளே ஒருங்கிணைந்த பொருள் என்றது. இதற்கு விண்டோஸ் 95 தானே எடுத்துக்காட்டாயிற்று. முன்பு எம்.எஸ்.டாஸ் தனியாகவும், வரைகலை இடைமுகம் தந்த விண்டோஸ் 3.11 தனியாகவும் உரிமம் பெற்றன. விண்டோஸ் 95 இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. நேற்று இரண்டாக இருந்தவை இன்று ஒன்றாவது மென்பொருள் வளர்ச்சியின் இயல்பு. அந்த வளர்ச்சியைச் சட்டம் முடக்கிவிடக்கூடாது என நீதிமன்றம் கருதியது. மாறுபட்ட நீதிபதி பட்ரீசியா வால்டு, இவ்வளவு எளிய அளவுகோல் தீர்ப்பின் தடையையே பயனற்றதாக்கிவிடும் எனக் கவலை கொண்டார்.

வழக்கு அதனோடு முடியவில்லை. 1998ஆம் ஆண்டு மே மாதத்திலேயே நீதித்துறையும் பல மாநிலங்களும் புதியதொரு பெருவழக்கைத் தொடுத்திருந்தன. இம்முறை இசைவுத் தீர்ப்பின் சொற்களை நம்பாமல், முற்றுரிமையைத் தடுக்கும் சட்டத்தையே நேரடியாக நாடின. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிபதி ஜாக்சன் மைக்ரோசாஃப்டை இரண்டு நிறுவனங்களாகப் பிரிக்க ஆணையிட்டார். இயக்க அமைப்புக்கு ஒன்று. பிற மென்பொருள்களுக்கு ஒன்று.

2001ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிவினை ஆணையை நீக்கியது. ஆனால், மைக்ரோசாஃப்ட் தன் முற்றுரிமையைச் சட்டத்திற்கு மாறான வழிகளில் காத்துக்கொண்டது என்னும் முடிவின் முதன்மைப் பகுதியை உறுதிசெய்தது. உற்பத்தி நிறுவனங்களின் உரிம ஒப்பந்தத்தில் இருந்த தடைகளுள் பெரும்பாலானவை அவ்வழிகளுள் அடங்கின. உலாவியின் நிரலையும் இயக்க அமைப்பின் நிரலையும் ஒரே கோப்புகளில் கலந்துவைத்ததும் அவற்றுள் ஒன்று எனக் கொள்ளப்பட்டது.

எல்லையை விடுத்து நடத்தையை நோக்கி

2002ஆம் ஆண்டு நவம்பரில் புதிய இறுதித் தீர்ப்பு ஏற்கப்பட்டது. 1995ஆம் ஆண்டுத் தீர்ப்போடு இதனை ஒப்பிட்டுப் படிப்பது பயன்தரும். ‘விண்டோஸ் இயக்க அமைப்புப் பொருள்’ என்பதில் எந்தெந்த நிரல்கள் அடங்கும் என்பதை மைக்ரோசாஃப்டே தன் முழுவிருப்பப்படி முடிவுசெய்யலாம் என இத்தீர்ப்பு கூறியது. ஏழாண்டுக் காலம் நீதிமன்றங்கள் தேடிய எல்லைக்கோட்டை வரையும் எழுதுகோல், அந்நிறுவனத்தின் கையிலேயே தரப்பட்டது போன்று இது தோன்றும்.

ஆயின், தீர்ப்பின் பிற பகுதிகளையும் சேர்த்துப் படித்தால் வேறொரு கருத்துப் புலப்படும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், விண்டோஸ் மீடியா பிளேயர் முதலியவை ‘இடைநிலை மென்பொருள்’ என்னும் தனிப்பெயரில் வரையறுக்கப்பட்டன. அவற்றின் பணிக்குறிகளை உற்பத்தி நிறுவனங்களும் பயன்படுத்துவோரும் நீக்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது. போட்டி மென்பொருளை நிறுவியதற்காக எந்த உற்பத்தி நிறுவனத்தையும் தண்டிக்கக்கூடாது என விதிக்கப்பட்டது. பெரிய உற்பத்தி நிறுவனங்களுக்கு ஒரே வகையான உரிம நிபந்தனைகள் வழங்கப்படவேண்டும் எனவும் கூறப்பட்டது.

எது இயக்க அமைப்பு என்பதை நிறுவனம் முடிவுசெய்யட்டும். அதைக்கொண்டு எதைச் செய்யக்கூடாது என்பதைச் சட்டம் முடிவுசெய்யும் என்பதே இத்தீர்ப்பின் அணுகுமுறை. இயக்க அமைப்பின் எல்லையை வரைய முயன்று இடர்ப்பட்ட சட்டம், அவ்வெல்லை எங்கே அமைந்தாலும் பயன்படும் விதிகளை வகுக்கக் கற்றுக்கொண்டது.

அத்தீர்ப்பும் காலத்தை வெல்லவில்லை. அதில் ‘தனியாள் கணினி’ என்பதற்குத் தரப்பட்ட வரையறை, தொலைபேசி, கையடக்கக் கணினி, விளையாட்டுக் கருவி ஆகியவற்றை வெளிப்படையாக விலக்கியது. 2002இல் அது இயல்பான விலக்காகவே தோன்றியிருக்கும். 2011ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பின் காலம் முடிவுற்றபோது, மக்கள் இணையத்தை நாடும் கருவியாகத் தொலைபேசி மாறத் தொடங்கியிருந்தது. நெட்ஸ்கேப் நிறுவனமோ, பெருவழக்கு முடிவதற்கு முன்பே, 1999ஆம் ஆண்டில் மற்றொரு நிறுவனத்தின் உடைமையாகிவிட்டது. சொல்லின் பொருளை முடிவுசெய்ய ஆன காலத்தில், அச்சொல்லால் காக்கப்பட வேண்டியவர் களத்தில் இல்லாமற்போனார்.

கட்டற்ற உரிமத்திலும் அதே வினா

இயக்க அமைப்பை வரையறுக்கும் தேவை வணிக நிறுவனங்களின் ஒப்பந்தங்களுக்கு மட்டும் உரியதன்று. மென்பொருளைப் பயன்படுத்தவும் பயிலவும் மாற்றவும் பகிரவும் அனைவருக்கும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள் இயக்கம். அவ்வியக்கத்தின் முதன்மையான உரிமம் கு.னூ. பொதுமக்கள் உரிமம் ஆகும். அதன் இரண்டாம் பதிப்பு 1991ஆம் ஆண்டிலும், மூன்றாம் பதிப்பு 2007ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

இவ்வுரிமத்தின்கீழ் உள்ள ஒரு நிரலை இயங்கும் வடிவில் பிறருக்கு வழங்குவோர், அதன் மூலநிரலையும் வழங்கியாக வேண்டும். அந்நிரல் இயங்குவதற்குக் கீழேயுள்ள இயக்க அமைப்பின் பகுதிகளும் தேவைப்படுகின்றன. அவற்றின் மூலநிரலையும் தரவேண்டும் எனின், மூலநிரல் வெளியிடப்படாத இயக்க அமைப்புகளுக்குக் கட்டற்ற மென்பொருளை உருவாக்கவே இயலாது. ஆகவே, இயக்க அமைப்பின் முதன்மையான உறுப்புகளோடு வழக்கமாக வழங்கப்படும் பகுதிகளுக்கு இரண்டாம் பதிப்பு விலக்கு அளித்தது. அப்பகுதிகள் நிரலோடு சேர்த்தே வழங்கப்பட்டால் விலக்கு இல்லை எனவும் எல்லையிட்டது. மூன்றாம் பதிப்பு இதனையே இன்னும் விரிவாக வரையறுத்தது.

ஒரு வணிக நிறுவனம் இயக்க அமைப்பின் எல்லையை விரித்துத் தன் உலாவியை உள்ளே கொண்டுவந்தது. கட்டற்ற உரிமம் அதே எல்லையைச் சுருக்கிப் பிடித்து, பகிரவேண்டிய நிரல் அதற்குள் மறைந்துவிடாமல் காக்க முயல்கிறது. நோக்கங்கள் வேறு, இரண்டும் நிற்பது ஒரே சொல்லின் விளிம்பில்.

நிறைவாக

மலைக்கும் ஆற்றுக்கும் எல்லை இயற்கையில் அமைகிறது. மென்பொருளுக்கு அவ்வாறு அமைவதில்லை. எழுதுவோர் எங்கே பிரிக்கின்றனரோ அங்கேதான் பிரிவு. ஆதலால், ஒப்பந்தத்தில் ஒரு மென்பொருளை வரையறுப்பவர், இருக்கும் எல்லையை எடுத்துக்கூறுபவராக மட்டும் இருப்பதில்லை. அவரே எல்லையை உண்டாக்குகிறார். அந்த எல்லைக்குள் எது வரும், எது வராது என்பதைப் பொறுத்தே ஒருவரின் வணிகமும், மற்றொருவரின் புதுமுயற்சியும், பயன்படுத்துவோரின் தெரிவும் அமைகின்றன.

புதிய கணினியைத் திறந்தவுடன் திரையில் தோன்றும் உரிம ஒப்பந்தத்தின் தொடக்கப் பகுதி சில சொற்களுக்குப் பொருள் கூறும். அப்பகுதியில், பொருள் கூறப்பட்ட சொற்களைப் போலவே, பொருள் கூறப்படாமல் விடப்பட்ட சொற்களும் கருதத்தக்கவை. 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஓர் அடைப்புக்குறிக்குள் அமைந்த சிறுதொடர் கற்பிக்கும் பாடம் அதுவே.

கற்பவை கற்றபின்...

1. பணியால் வரையறுத்தல், பெயர்ப்பட்டியலால் வரையறுத்தல் ஆகிய இரு முறைகளிலும் ‘பாடநூல்’ என்னும் சொல்லுக்கு வரையறை எழுதுக. ஒவ்வொன்றிலும் விடுபடுவன யாவை, தேவையின்றி அடங்குவன யாவை என வகுப்பில் கலந்துரையாடுக.

2. ‘உலாவி இயக்க அமைப்பின் பகுதியே’ என்றும் ‘உலாவி தனிப்பொருளே’ என்றும் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக. இருதரப்பும் ‘உலாவி’ என்னும் சொல்லை எப்பொருளில் ஆண்டன என்பதைக் குறித்து வைக்க.

3. நீவிர் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் உரிம ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டுள்ள சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு உரிய தமிழ்ச்சொற்களை எழுதுக.